துணி இறங்கும் நேரம்

வாசலில் சிவப்புக் கம்பளித் துணி தொங்கினால் உள்ளே பெண்கள் இருக்கிறார்கள். தொங்காவிட்டால் ஆண்கள். ஸஃப்ரூ ஊரில் ஆற்றுப் பாலத்தை ஒட்டி இருக்கும் அந்த ஹம்மாமுக்கு, ஊர்ப் பொது வெந்நீர்க் குளியல்கூடத்துக்கு, ஒரே வாசல், ஒரே உலை, ஒரே வெந்நீர்க் கொப்பரை. சுவர் எழுப்பி இடத்தைப் பிரிக்க வழி இல்லாததால் நேரத்தைப் பிரித்திருந்தார்கள். விடியலிலிருந்து முற்பகல் வரை ஆண்கள். நண்பகலிலிருந்து அந்தித் தொழுகை வரை பெண்கள். அதற்குப் பிறகு மறுபடி ஆண்கள்.

இந்த ஏற்பாடு பிசகி யாரும் பார்த்ததில்லை, அந்த வியாழக்கிழமை வரை.

அன்று உடை மாற்றும் கூடத்தில் யம்னா தன் வழக்கமான பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயது. புருஷன் போன பிறகு இருபது வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. வருகிற பெண்களின் துணிமூட்டைகளை வாங்கி அலமாரியில் வைப்பாள், காவல் இருப்பாள், யார் மூட்டை எது என்று கேட்காமலே எடுத்துக் கொடுப்பாள். அன்று கல்யாணப் பெண் கீத்தாவின் குளியல். ஊர் மரியாதையாக லல்லா என்று கூப்பிடும் பெண்ணின் அம்மா பதூல், அத்தைமார், தோழிகள் என்று இருபத்திரண்டு மூட்டைகள். கருப்புச் சோப்புத் தேய்த்து, களிமண் பூசி, தலையில் ஏழு செம்பு ஊற்றி முடித்துப் பெண்ணை வெளியே கூட்டி வந்திருந்தார்கள். குலவை ஓய்ந்திருந்தது. மேலே குவிமாடத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் பாங்கு சொன்னதுகூட உள்ளே கேட்கவில்லை. கீத்தா நடுவில் நின்றாள், அத்தை அவள் கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. நனைந்த சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு யாரோ நின்றார்கள். மழைக்கு ஒதுங்கிய எவளோ ஒருத்தி என்றுதான் யம்னா நினைத்தாள்.

"கதவச் சாத்துடி, குளிர் அடிக்குது" என்றாள்.

சாக்கு நிமிர்ந்தது. அதற்குள் மீசை இருந்தது.

ஒன்றரை மூச்சு நேரம் யாரும் அசையவில்லை. பிறகு எழுந்த கூச்சலில் அந்த ஆள் சாக்கைத் தன் கண் மேலேயே இழுத்து மூடிக்கொண்டு திரும்பி ஓடினான். வளைந்த வாசல்நடையின் சுவரில் மோதி விழுந்து முன்பல் ஒன்றை உடைத்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன் நின்றான். ஓடக்கூடத் தோன்றாமல் வாயைத் திறந்தபடி நின்ற அவனை எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா மகன்.

பதூல் தன் உடம்பைப் பற்றி நினைக்கவே இல்லை. கைக்குக் கிடைத்த துண்டை மகள்மேல் எறிந்தாள். அது போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கல்யாணம் நிற்கவில்லை. சொன்ன நாளில் நடந்தது. ஆனால் ஊர்வலத்தில் மேளம் இல்லை. மூன்றாம் நாள் யம்னா ஊர் வழக்கப்படி சர்க்கரைக் கூம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனபோது, பதூல் கதவைத் திறக்காமல் மாடி ஜன்னலிலிருந்து பேசினாள்.

"உங்க வாசல்ல துணி தொங்குனா என்ன, தொங்காட்டி என்ன? சர்க்கரைய நீயே கரைச்சுக் குடி."

தெரு முழுக்கக் கேட்டது. மறுநாள் நண்பகலில் துணியைத் தொங்கவிட்டு யம்னா பலகையில் உட்கார்ந்தாள். அலமாரியில் ஒரு மூட்டைகூட ஏறவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. இடி விழுந்த மரம்போல யம்னா உட்கார்ந்திருந்தாள். காலியாக இருக்கும் ஹம்மாமில் குவிமாடத்துக் கண்ணாடிகளிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹம்மாமைக் கடையைப்போலப் பூட்டிவிட்டுப் போக முடியாது. சூடு காற்றில் இல்லை, தரையிலும் சுவரிலும் இருக்கிறது. உலையின் புகை நேரே மேலே போகாமல் தரைக்கு அடியில் உள்ள பாதைகளில் சுற்றி, சுவருக்குள் ஏறி, பிறகுதான் வெளியேறும். அந்தக் கல் சூடாக மூன்று நாள் ஆகும். ஆறவிட்டால் காரை வெடிக்கும். ஆகவே ஆள் வந்தாலும் வராவிட்டாலும் உலைக்குத் தீனி போட்டாக வேண்டும். யம்னாவின் அண்ணன் புஷ்தா, அப்பா விட்டுப்போன அந்த உலையில், எண்ணெய் பிழிந்து மிஞ்சிய ஆலிவ் புண்ணாக்கைக் கூடை கூடையாக அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். யாருக்காக எரிக்கிறோம் என்று அவன் கேட்கவில்லை. அவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் யம்னா அண்ணனையும் தம்பியையும் கூப்பிட்டாள். பெண்கள் நேரத்தில், பெண்கள் இல்லாத கூடத்தில், மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் மொச்சையை மசித்துக் காய்ச்சிய பிஸ்ஸாரா, மேலே எண்ணெயும் சீரகமும். தம்பி தய்யிப் ரொட்டியைப் பிய்த்தான். அவன் கடைத்தெருவில் சுற்றி ஹம்மாமுக்கு ஆள் பிடிக்கிறவன், எப்போதும் கைப்பேசியும் கையுமாக இருப்பான். புஷ்தா சாப்பாட்டைத் தொடவில்லை.

"யாரு துணிய எறக்குனது?" என்றாள் யம்னா. தெரிந்ததைத்தான் கேட்டாள்.

"நான்தான்" என்றான் புஷ்தா. "பாங்கு சொன்னாங்க, எறக்குனேன். முப்பது வருஷமா அப்பா அப்படித்தான் எறக்குனாரு. இதுல என்ன தப்பு?"

"உள்ள ஆள் இருக்குன்னு தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பின்னால அடுப்புல கெடக்குறேன். எனக்கு முதுகுல கண்ணா இருக்கு?"

"அந்த ஆளுங்கள யாரு வரச் சொன்னது?"

"ஆலிவ் பறிக்கிற பயலுக. ஆறு பேரு. காலையிலேருந்து மழையில நனைஞ்சு வெறைச்சுப்போய் நின்னானுங்க. பாங்கு சொன்னதும் வாங்கடான்னேன். பாவமா இல்லையா உனக்கு?"

யம்னா தம்பியைப் பார்த்தாள். அவன் ரொட்டியைக் கீழே வைத்தான்.

"நான் பதூல் வீட்டுக்கு வாக்குக் கொடுத்தேன், அக்கா. இஷா, ராத் தொழுகை வரைக்கும் இருங்க, யாரும் கேக்க மாட்டாங்கன்னு. கல்யாணக் குளியலாச்சே, மணியப் பாத்தா வெரட்ட முடியும்?"

"அத அண்ணன்கிட்ட சொன்னியா?"

"உன்கிட்ட சொன்னேனே."

"என்ன சொன்ன? 'நிதானமாக் குளிக்கட்டும் அக்கா'ன்ன. அதுக்குப் பேரு சொல்றதா?"

"நீ அண்ணன்கிட்ட சொல்லுவேன்னு நெனச்சேன்."

"நீ சொல்லியிருப்பேன்னு நான் நெனச்சேன்."

யம்னா பத்து நாளாக அண்ணன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால் மூன்று பேருமே நல்லது செய்யத்தான் போயிருக்கிறார்கள். ஒருத்தன் நனைந்தவனுக்கு இரங்கினான். ஒருத்தன் மணப்பெண்ணுக்கு இடம் கொடுத்தான். அவள் வாயை மூடிக்கொண்டு விருந்தாளிகளைக் கவனித்தாள். மூன்று நல்ல காரியங்களும் சேர்ந்து அந்தக் கதவைத் திறந்துவிட்டன.

புஷ்தாதான் மறுபடி ஆரம்பித்தான். "அப்பா என்ன சொல்லுவாரு? 'என் பிள்ளைங்கள்ல யாரு வாக்குக் கொடுத்தாலும் அது நான் கொடுத்த வாக்கு'ம்பாரு. அப்போ ஒரு நாளாவது இப்படி ஆச்சா? அவரு போனாரு, ஒழுங்கு போச்சு."

"அப்பா அதோட விட்டாரா?" என்றாள் யம்னா, மெதுவாக. பேசும்போதுதான் அவளுக்கே அது புலப்பட்டது. "தினம் மத்தியானம் ஹரீராக் கஞ்சி குடிக்கிறப்போ என்ன கேப்பாரு? நெனச்சுப் பாருங்க."

தய்யிப் யோசித்தான். "'யாருக்கு என்ன சொல்லி வச்சிருக்கீங்க?'ம்பாரு."

"உன்னையக் கேப்பாரு. அண்ணனக் கேப்பாரு. என்னையக் கேப்பாரு. மூணையும் காதுல வாங்கிட்டு, இது ஆகும், இது ஆகாதும்பாரு. நாம வாக்கத்தான் எடுத்துக்கிட்டோம். அந்தக் கேள்விய அவரோடயே பொதைச்சிட்டோம்."

புஷ்தா சுவரைப் பார்த்தான். அவன் கண் கலங்கியதா, உலைப் புகையா என்று சொல்ல முடியவில்லை.

அன்று அந்தி வரை பேசினார்கள். சுமுகமாகப் பேசினார்கள் என்று சொல்ல முடியாது. தய்யிப் இரண்டு தடவை எழுந்து போய்த் திரும்பி வந்தான். பிஸ்ஸாரா ஆறி ஆடை கட்டியது. முடிவில் தய்யிப் பழைய மருந்துச்சீட்டு ஒன்றின் பின்பக்கம் எழுதினான். தினமும் மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து, கொடுத்த வாக்கையும் கொடுக்கப்போகும் வாக்கையும் சொல்ல வேண்டும். மூன்று பேர் காதிலும் விழாத வாக்கு செல்லாது. இதில் புஷ்தாவுக்குச் சங்கடம் இல்லை. அடுத்ததில்தான் சண்டை வந்தது.

"துணி என் கையில இருக்கணும்" என்றாள் யம்னா. "நான்தான் தொங்கவிடுவேன், நான்தான் எறக்குவேன். கடைசி மூட்டை வெளிய போனத நான் கண்ணால பாத்த பெறகுதான். பாங்கு சொன்னாலும் சரி, சொல்லாட்டாலும் சரி."

"அப்போ நான் யாரு?" புஷ்தாவின் குரல் குவிமாடத்தில் மோதித் திரும்பியது. "வீட்டுக்கு மூத்தவன் நான். என் வாசல் படிய மிதிக்க உன்கிட்டக் கேட்டுக்கிட்டு நிக்கணுமா? நாளைக்கு ஊர்ல சிரிப்பான்."

"இப்பவே சிரிக்கிறாங்க, அண்ணே."

"ஏதாவது ஒரு காரியம்னா?"

"எந்தக் காரியம்னாலும். 'இதுக்கு மட்டும்'னு ஒண்ணு சேத்தோம்னா, அந்தச் சந்துல ஊரே உள்ள வந்துரும்."

"மீறுனா?" என்று கேட்டான் தய்யிப், எழுதுகோலைப் பிடித்தபடி.

"மீறுன ஆளுக்கு அந்த வருஷம் முழுக்க இங்க பேச்சு கெடையாது. நானா இருந்தாலும் சரி."

புஷ்தா வெகுநேரம் தாடியைத் தடவினான். "எழுது" என்றான் கடைசியில். "என் பேர முதல்ல எழுது. அப்புறம் மூத்தவன்னு எவனும் சொல்லிக்க வேணாம்."

மறுநாள் யம்னா மறுபடி பதூல் வீட்டு ஜன்னலுக்கு அடியில் நின்றாள். இந்தத் தடவை சர்க்கரை கொண்டு போகவில்லை. எழுதியதை வாய்ப்பாடமாகச் சொன்னாள். பதூல் கீழே இறங்கி வந்து கதவைப் பாதி திறந்தாள்.

"காகிதத்துல எழுதினா ஆச்சா? கழுதைக்குக் கூடத்தான் கடிவாளம் இருக்கு. உங்கண்ணன் கட்டுப்படுவானா?"

"படுவான்."

"அவனுக்காக நீ சொல்லாத. உனக்காகச் சொல்லு."

பதூல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு நாள் வரேன். என் மககூட இல்ல. நான் மட்டும் வரேன். பாத்துட்டுச் சொல்றேன்."

மூன்று வாரம் கழித்து, பதூல் வருகிறாள் என்றதும் தெருவில் இன்னும் பதினாறு பேருக்கு உடம்பு அரித்தது. ஒரு மாதமாக வீட்டில் வாளித் தண்ணீரில் குளித்து அலுத்தவர்கள்தானே. ஜனவரி மாதம், கடுங்குளிர், மலையில் பனி. துணியைத் தொங்கவிட்டு யம்னா பதினேழு மூட்டைகளையும் வாங்கி வைத்தாள். முதுகில் சொரசொரப்புக் கையுறை தேய்க்கிற சத்தமும் சிரிப்பும் நாத்தனார் கதைகளும் உள்ளே நிறைந்தன. பதூல் மட்டும் சிரிக்காமல் நடுக் கூடத்தில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்து குளித்தாள். யம்னாவின் முதுகில் அந்தப் பார்வை ஊர்ந்துகொண்டே இருந்தது.

வெந்நீர்க் கொப்பரை கடைசி அறையின் சுவருக்குள் பதிந்திருக்கிறது. தடித்த செம்பு. வயிறு உலைக்கு மேல், வாய் அறைப் பக்கம். பெண்கள் வாளியால் மொண்டுகொள்ள மொண்டுகொள்ளத் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் வந்து நிரப்பும். கொப்பரையில் எவ்வளவு இருக்கிறது என்று பின்னால் இருக்கும் புஷ்தா பார்க்க முடியாது, ஆனால் கேட்க முடியும். நிறைந்திருந்தால் அது அடித்தொண்டையில் முனகும். குறையக் குறையக் குரல் உயரும்.

அன்று பிற்பகல் குரல் உயர்ந்தது.

வாசல் கதவில் முஷ்டி இடித்தது. யம்னா ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் தொடாமல் நின்றாள்.

"யாரு?"

"நான்தான்மா!" புஷ்தாவுக்கு மூச்சு வாங்கியது. "தெருக்குழாய் உறைஞ்சு வெடிச்சிருச்சு. கொப்பரைக்குத் தண்ணி வரல. அடி காயுது, எனக்குக் கேக்குது. மாடித் தொட்டிக் குழாயத் திறக்கணும்!"

மாடியில் கோடைக்காலத்துக்கென்று ஒரு தண்ணீர்த்தொட்டி உண்டு. அந்தத் தண்ணீர் சூடான சுவருக்குள் சுற்றி வந்து கொப்பரையின் அடியில் மெல்லச் சேரும். அதன் திருகுசக்கரம் கடைசி அறையின் மூலையில், தலைக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. துருப்பிடித்தது. சற்று மேலே தூக்கி இடப்பக்கம் திருக வேண்டும். அந்தக் கைப்பக்குவம் புஷ்தாவுக்கு மட்டுமே தெரியும்.

"நான் திறக்குறேன்" என்று யம்னா உள்ளே ஓடினாள். கடைசி அறையில் இருந்தவர்களை வெளியே தள்ளினாள். ஒரு பெரிய வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினாள். சக்கரம் கையைச் சுட்டது. துண்டைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினாள், திருகினாள். அசையவில்லை. பின்னாலேயே வந்த பதூல் அவள் கைமேல் கை வைத்து இழுத்தாள். இரண்டு பேர் கனத்துக்கும் அது அசையவில்லை. ஒருத்தி வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஊத்தாத!" என்று கத்தினாள் யம்னா. "காய்ஞ்ச செம்புல பச்சைத் தண்ணி பட்டா வெடிச்சிரும்! எல்லாரும் வெளிய போங்க, உடுத்துங்க, சீக்கிரம்!"

சீக்கிரம் என்றால் எப்படி? மூன்று பேர் தலையில் மருதாணி. இருவர் உடம்பெல்லாம் களிமண். இடுப்பு விழுந்த ஒரு கிழவியைத் தூக்கி நிறுத்தவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. கூடத்தில் ஈர உடம்புகள் ஒன்றோடொன்று முட்டின. குறைந்தது கால் மணி நேரம் ஆகும்.

யம்னா கதவுக்குத் திரும்பினாள்.

"அண்ணே, அசையல!"

"எனக்குத் தெரியும்மா, அது உங்களுக்கு அசையாது. ரெண்டே நிமிஷம். அவங்கள ஒரு ஓரமா நிக்கச் சொல்லு, மூஞ்சியத் திருப்பிக்கச் சொல்லு. நான் கண்ணக் கட்டிக்கிட்டு வேணாலும் வரேன். சுவரத் தடவிக்கிட்டே போயிருவேன்."

"நெருப்ப இழு."

"இழுத்துட்டேன்! தய்யிப் வாரிக் கொட்டிக்கிட்டு இருக்கான். செங்கல்லு செவந்து கெடக்கு, அது நாளைக்குத்தான் ஆறும். யம்னா... அப்பா வச்ச கொப்பரை. இனி அந்தத் தடிமனுக்குச் செம்பு எங்க போய் அடிப்ப?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அரைகுறையாக உடுத்த பெண்கள் அத்தனை பேரும் கையில் பிடித்த துணியோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதூல் திற என்றும் சொல்லவில்லை, திறக்காதே என்றும் சொல்லவில்லை. முக்காட்டின் ஒரு முனையைப் பல்லில் கடித்தபடி நின்றாள்.

யம்னாவின் கை தாழ்ப்பாளில் இருந்தது. அது எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்கிறான். உடன்பிறந்தவன். பொய் சொல்ல மாட்டான். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல காரியம் நிற்கிறது. அன்றைக்கும் அப்படித்தான் நின்றது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"இன்னும் ஆள் இருக்கு, அண்ணே."

அவன் கத்துவான், கதவை உதைப்பான் என்று எதிர்பார்த்தாள். உதைத்திருந்தால் அந்தப் பழைய தாழ்ப்பாள் ஒரே உதைக்குத் தாங்காது. அது அவனுக்கும் தெரியும்.

"சரி" என்றது குரல். பிறகு, "அவங்கள அந்தச் சுவர்ப்பக்கமா நிக்க விடாத. கூடத்துக்கு இந்தப் பக்கம் வச்சுக்கோ."

கிழவிக்கு யம்னாவே சட்டையை மாட்டினாள். ஒவ்வொன்றாகப் பொத்தான் போட்டாள். இரண்டாவது பொத்தானில் இருக்கும்போது அது நடந்தது. முதலில் யாழ் நரம்பு அறுந்ததுபோல ஒரு கீச்சு. அதன் பின்னால் தரை அதிர ஒரு வெடி. கொப்பரையில் மிஞ்சியிருந்த தண்ணீர் சிவந்த கல்லில் கொட்டியது. மலைப்பாம்பு சீறுவதுபோல ஆவி சுவருக்குப் பின்னால் எழுந்து உலைவாய் வழியே வெளியேறுகிற சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கிழவி "என்னடி அது?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, அத்தை. கையை நீட்டுங்க" என்றாள் யம்னா.

பிறகு ஒவ்வொருத்தியாக வெளியே போனார்கள். யம்னா மூட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். தெருவில் புஷ்தா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பி நின்றிருந்தான். சட்டை முழுக்கக் கரி. வலது கையில் ஈரச் சாக்கைச் சுற்றியிருந்தான், நெருப்பை வாரியபோது சுட்டிருக்க வேண்டும். சுவரில் சாய்ந்திருந்த அவன் நெற்றி கல்லோடு கல்லாக இருந்தது. பெண்கள் அவனைத் தாண்டிப் போனபோது ஒருத்தியும் வேகமாக நடக்கவில்லை.

கிழவியைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி பதூல் கடைசியில் வந்தாள். ஒரு மாதமாக அவள் அவன் இருந்த பக்கம் திரும்பியதில்லை. இப்போது அவன் முதுகுக்கு நேரே நின்றாள்.

"ஸீ புஷ்தா" என்று மரியாதையோடு கூப்பிட்டாள். "எல்லாரும் வந்தாச்சு. உள்ள போங்க. போய்ப் பாருங்க."

புஷ்தா திரும்பவில்லை. சிவப்புத் துணி காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"யம்னா இன்னும் எறக்கல, லல்லா" என்றான்.

பதூல் கிழவியோடு அங்கேயே நின்றுவிட்டாள். உள்ளே, காலி அலமாரியின் முன்னால், யம்னா பலகையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்த் துணியை இறக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கு முன் அலமாரித் தட்டுகளை மேலிருந்து கீழாக இன்னொரு தடவை பார்த்தாள்.

வெளியே அவர்கள் காத்திருந்தார்கள்.